குடத்தை விடு, மேட்டுக்கு ஏறு

1932 மார்ச் 30, புதன்

இன்றைக்கும் கால் மணி நேரம் வாசித்தேன். ரப்பர் விலை, ரயில் நேர மாற்றம், அம்மை குத்தும் நாள், கடைசியில் ஒரு தேவார இசைத்தட்டு. வயர்லெஸ் சங்கத்துச் செக்கிரட்டரி துரைக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் கண்ணாடிக்கு அப்பால் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கிள்ளானிலிருந்து ஒரு நேயர் கடிதம் எழுதியிருக்கிறார்: "தங்கள் நாவில் தமிழ் நடனமாடுகிறது." சங்கத்திலேயே நான்கு தரம் படித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சிவமலருக்கு ஐந்தாம் தரம்.

"அந்த மனுசன் என்ன வேலை செய்யிறாராம்?" என்று கேட்டாள்.

"கடிதத்தில் அதெல்லாம் இல்லை."

"அப்ப சும்மா இருக்கிற மனுசன்தான்."

கட்டிய மனைவியிடம் புகழைக் காட்டப் போனவன் புத்தியைச் சொல்ல வேண்டும். பகலெல்லாம் ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை. ஞாயிறும் புதனும் மாலை ஆறரைக்கு இந்த வாசிப்பு. சம்பளம் கிடையாது. துரைமார் சிலர் பொழுதுபோக்காக நடத்தும் சங்கம். வயர்லெஸ் பெட்டி வைத்திருப்பவர்கள் இந்த மலாய் நாட்டு ஊரில் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆனால் பிரிக்பீல்ட்ஸில் பாலன் தன் காப்பிக்கடை வாசலில் பெரிய ஒலிபெருக்கிக் குழல் கட்டியிருக்கிறான். அதனால் ஆற்றங்கரையில் கூலிகள் குடியிருக்கும் வரிசை வீடுகளான கீழ் லயத்து ஆட்களும் என் குரலைக் கேட்கிறார்கள்.

மழை இல்லை. கீழ் லயத்தில் நாற்பத்து மூன்று வீட்டுக்கு ஒரே குழாய், அதுவும் ஆற்றோரப் பள்ளத்தில். எப்போது வரும் என்று குழாய்க்கே தெரியாது. யாராவது "தண்ணி வருது" என்று கத்தினால் லயமே குடத்தோடு ஓடுகிறது. மேட்டிலுள்ள எங்கள் குவார்ட்டர்ஸ் வரை அந்தச் சத்தம் கேட்கும்.

ஏப்ரல் 6, புதன்

வெயில். வாசித்தேன். தொண்டை நன்றாக இருந்தது.

ஏப்ரல் 17, ஞாயிறு

மத்தியானத்திலிருந்து பேய் மழை. வாசிக்கப் போனபோது துரை ஓர் ஆங்கிலத் தாளைக் கையில் கொடுத்தார். ஆறு உயர்கிறது, தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் தக்கபடி நடந்துகொள்ள வேண்டும் என்று இரண்டு வரி. ஏழே நிமிடத்தில் தமிழாக்கினேன்:

"நதியில் நீர் வரத்து மிகுந்துள்ளமையால் கரையோரவாசிகள் தக்க முன்னேற்பாடுகளுடன் இருப்பார்களாக."

வாசித்தபோது எனக்கே மயிர்க் கூச்செறிந்தது. "ஆறு" என்று எழுதி, அடித்துவிட்டு, "நதி" என்று போட்டேன். அதுதான் வாக்கியத்துக்கு ஒரு கம்பீரத்தைக் கொடுத்தது.

ரிக்‌ஷாவில் நனைந்து வந்தேன். சிவமலர் வடை சுட்டிருந்தாள்.

ஏப்ரல் 18, திங்கள்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். வேறு யாரிடம் சொல்வது?

நேற்று நான் வாசித்ததைப் பாலன் கடை வாசலில் பத்துப் பதினைந்து பேர் கேட்டிருக்கிறார்கள். யாருக்கும் விளங்கவில்லை. தமுக்கு அடித்து ஊருக்குச் சேதி சொல்லும் பக்கிரிசாமி அங்கே இருந்திருக்கிறான். எல்லாரும் அவனைப் பார்த்திருக்கிறார்கள். அவனுக்கு "நீர் வரத்து" பிடிபட்டது. "முன்னேற்பாடு" பாதி பிடிபட்டது. பாவம், யாரும் ஏவாமலே தமுக்கை எடுத்துக்கொண்டு கொட்டும் மழையில் கீழ் லயத்துக்கு ஓடினான்.

"தண்ணி வருது. தயாரா இருங்க. தண்ணி வருது."

லயம் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடியது.

இரண்டு மாதமாகக் குழாய்த் தண்ணீருக்குத் தவித்த சனம், மழையென்றும் பார்க்கவில்லை. ஆற்றோரப் பள்ளத்தில் வரிசை கட்டி நின்றார்கள். ஆறு உடைத்துக்கொண்டு வந்தபோது வரிசையின் பின்னால் நின்றவர்கள் தப்பி ஏறினார்கள். முன்னால் நின்றவர் அய்யாவு. தண்டவாளக் கூலிக் கேங்கில் முப்பது வருஷம் உழைத்து ஓய்ந்தவர். நடக்க முடியாத பக்கத்து வீட்டாருக்கும் சேர்த்து மூன்று குடம் வைத்திருந்தாராம். இன்று காலை ஆற்றுப் பாலத்தின் கீழே கிடைத்தார்.

பாலன் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு நின்றேன். அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. "பக்கிரிசாமி ஒரு மடையன், கிராணி ஐயா," என்றான்.

அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணலின் வாயால் வேறொருவர் கெட்டார்.

ஏப்ரல் 19, செவ்வாய்

அய்யாவுவை எடுத்தார்கள். பாலன் கடை வரை போனேன். அதற்கு மேல் போகவில்லை.

ஏப்ரல் 24, ஞாயிறு

காய்ச்சல் என்று சங்கத்துக்குச் சொல்லி அனுப்பினேன். காய்ச்சல் இல்லை.

சிவமலரிடம் சொன்னேன். வாக்கியத்தைச் சொல்லிக் காட்டினேன். அவள் அதைத் தானும் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "எனக்கு விளங்கினதப்பா," என்றாள். "ஆனா எனக்கு விளங்கி என்ன? நான் மேட்டில இருக்கிறன்."

இவளுக்கு யார் இப்படிப் பேசக் கற்றுக் கொடுத்தது?

மே 5, வியாழன்

இன்று பின்வாசலில் லெட்சுமி வந்து நின்றாள். எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கம் கூட்டிப் பெருக்கும் லெட்சுமி. புருஷன் இல்லை. வள்ளியம்மா என்று ஆறு வயதில் ஒரு பெண். அய்யாவு அவளுடைய தகப்பன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து முந்தாநாள்தான் வேலைக்குத் திரும்பினாளாம்.

வசவு வாங்கத் தயாராகத்தான் போனேன். நாலு வார்த்தை திட்டினால் மனப் பாரமாவது குறையும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசைகூட இருந்தது.

"ஐயா, அன்னிக்கு வயர்லெஸ் பொட்டியில படிச்சீங்களே, அத மறுபடி ஒருக்கா படிங்க," என்றாள்.

தாள் மேசையில்தான் இருந்தது. படித்தேன்.

"இதுல ஓடச் சொல்லி எங்க இருக்கு?"

"தக்க முன்னேற்பாடு என்றால்..."

"அது எங்க இருக்குன்னு கேட்டேன், ஐயா."

"இல்லை," என்றேன்.

"பக்கிரிசாமி அண்ணன் சோறு தண்ணி இல்லாம கெடக்கறாரு. தமுக்கத் தூக்கிப் பரண்ல போட்டுட்டாரு. எல்லாரும் அவரத் திட்டறாங்க. அவரு சொன்னதுக்கு முந்திச் சொன்னது நீங்க. அதான் இங்க வந்தேன்."

"லெட்சுமி, உன் அப்பா விஷயத்தில் நான்..."

"அதப் பேச வரல, ஐயா. மழ மறுபடி வரும். அதுக்குள்ள சரியான வாசகம் வேணும். நீங்க எழுதிக் குடுங்க. நான் எங்க லயத்துல சொல்லிப் பாக்கறேன்."

சிவமலர் கொடுத்த தேத்தண்ணியை நின்றபடியே குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

திட்ட வந்தவளானால் தலை குனியலாம். வேலை கொடுக்க வந்தவள் முன்னால் என்ன செய்வது? உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன்.

மே 15, ஞாயிறு

லெட்சுமியின் வேலை முறையைப் பார்த்து வாயடைத்துப் போனேன். நான் எழுதியதை அவள் மனப்பாடம் செய்துகொள்கிறாள். ஒரு நாளைக்கு ஐந்து வீடு. வாசகத்தைச் சொல்லிவிட்டு, "புரிஞ்சுதா?" என்று கேட்பதே இல்லை. அப்படிக் கேட்டால் எல்லாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்களாம். "இதக் கேட்டா இப்ப என்னா செய்வே?" என்று கேட்கிறாள். அவர்கள் சொல்லும் பதிலை அப்படியே கொண்டுவந்து என் முன்னால் வைக்கிறாள்.

"எச்சரிக்கையாக இருங்கள்" என்று எழுதிக் கொடுத்தேன். லயத்தின் பதில்: "எச்சரிக்கையாத்தானே இருக்கோம்."

"ஆறு பெருகி வருகிறது" என்று கொடுத்தேன். ஆண்பிள்ளைகளின் பதில்: "அப்பிடியா, வா போய்ப் பாத்துட்டு வரலாம்." ஆற்றங்கரைக்கு வேடிக்கை பார்க்கவே இருபது பேர் தயார்.

வேதனையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. லெட்சுமி சிரிக்கவில்லை. அடுத்ததை எழுதச் சொன்னாள்.

மே 29, ஞாயிறு

"வெள்ளம் வருது" என்பதை விட நல்ல வார்த்தை இருக்க முடியாது என்று சவால் விட்டேன். லெட்சுமி பதில் பேசாமல் என்னைப் பாலன் கடைக்குக் கூட்டிப் போனாள். அங்கே பாலனைப் போலவே மலையாளத்து ஆட்கள் நாலைந்து பேர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் கீழ் லயத்தின் கடைசி வீடுகளில் இருப்பவர்கள்.

"பாலண்ணே, வெள்ளம் வருதுன்னா என்னா செய்வீங்க?"

"குளிக்கும்," என்றான் பாலன்.

அவர்கள் மொழியில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். ஒரே லயம். தண்ணி என்றால் பாதிப் பேர் குடத்தோடு ஓடுவார்கள். வெள்ளம் என்றால் மீதிப் பேர் துண்டோடு வருவார்கள். தமிழ் எனக்குக் கைவந்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நாற்பத்து மூன்று வீட்டுத் தமிழ்கூட என் கைக்கு வரவில்லை.

"என்னா வருதுன்னு சொல்றத விட்டுருங்க, ஐயா," என்றாள் லெட்சுமி. "என்னா செய்யணும்னு மட்டும் சொல்லுங்க. ஏறுனதுக்கப்பறம் என்னா வந்துச்சுன்னு அவங்களே பாத்துக்குவாங்க."

இதை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாள்? அவள் பள்ளிக்கூட வாசலையே கூட்டத்தான் பார்த்திருக்கிறாள்.

ஜூன் 12, ஞாயிறு

இன்று பெரிய வாக்குவாதம். வாசகம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. மேடு என்றால் எந்த மேடு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ரயில் பாதை மேட்டுக்கு ஏறினால் ரயில் வரும். ஆகவே பள்ளிக்கூட மேடு என்று பேரையே சொல்லிவிடுவது. அதுவரை சம்மதம். நான் இப்படி எழுதினேன்: "குடங்களை விட்டுவிடுங்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட மேட்டுக்கு ஏறுங்கள்."

லெட்சுமி தலையை ஆட்டினாள். "ஏறுங்கள் வேணாம். ஏறு."

"பொதுசனத்தைப் பார்த்து வயர்லெஸில் ஏறு, தூக்கு என்று சொல்வதா? மாட்டையா ஓட்டுகிறேன்?"

"எங்கள யாரு ஐயா ஏறுங்கள்னு சொல்லியிருக்கா? வேல வாங்கற மண்டோர் சொன்னதில்ல, தொர சொன்னதில்ல. மரியாதையா சொன்னா, இது நமக்கில்ல, மேல இருக்கற கிராணிமாருக்குன்னு நெனச்சுப் பேசாம உக்காந்திருப்பாங்க. சொல்லிப் பாத்துட்டேன். பதினோரு வூட்டுல அப்பிடித்தான் சொன்னாங்க."

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. மரியாதையாகப் பேசினால் அது தங்களிடம் அல்ல என்று எண்ணும்படி இந்தச் சனத்தை வைத்திருக்கிறோம். நானும் அந்த வைத்திருக்கும் கூட்டத்தில் ஒருவன். லெட்சுமியை முதல் நாளிலிருந்து "நீ" என்றுதான் கூப்பிடுகிறேன். அவள் என்னை "ஐயா" என்கிறாள். இன்றுதான் அது காதில் விழுகிறது.

"ஏறு" என்றே எழுதினேன்.

ஜூலை 10, ஞாயிறு

சிவமலரின் தம்பி இராமலிங்கம் ஆற்றின் மேல்பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி. தோட்ட ஆபீசில் டெலிபோன் இருக்கிறது. இன்று அவனிடம் போய் வந்தேன். தோட்டத்துப் பாலத்தின் தூணில் மூன்று வெள்ளை வளையம் பூசினோம். பூசியது அவன்தான். நான் குடை பிடித்தேன். மூன்றாம் வளையம் மறைந்தால் இரண்டு மணி நேரத்தில் பிரிக்பீல்ட்ஸில் ஆறு கரை மீறும் என்று தோட்டத்துப் பழைய ஆட்கள் கணக்குச் சொல்கிறார்கள்.

"மூண்டாவது மறைஞ்ச உடன கூப்பிடுறன், அத்தான்," என்றான். "பொய்யாய்ப் போனா என்னைப் பேசக் கூடாது."

"பொய்யாய்ப் போனால் சந்தோஷம்தானே," என்றேன்.

ஆகஸ்ட் 14, ஞாயிறு

பக்கிரிசாமியை லெட்சுமி ஒருவழியாகப் பரணிலிருந்து இறக்கிவிட்டாள். பரணில் கிடந்தது தமுக்கு என்றாலும் இறங்கியது அவன்தான். ஆனால் தமுக்கு வேண்டாம் என்கிறாள். அம்மை குத்தவும் தமுக்கு, திருவிழாவுக்கும் தமுக்கு. கேட்டவன் எதற்கு எழுவான்? இதற்கு மட்டும் ஒரு சத்தம் வேண்டும். மண்ணெண்ணெய்த் தகரத்தை இரும்புக் கம்பியால் அடித்துக் காட்டினாள். காது கிழிந்தது. இந்த லயத்தில் வேறு எதற்கும் யாரும் இனித் தகரம் தட்டக் கூடாது என்று வீடு வீடாகச் சொல்லியிருக்கிறாள்.

பக்கிரிசாமி தகரத்தை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். "சாமி, நான் சொன்னது தப்பா?"

"தப்பு உன்னுடையது இல்லை, பக்கிரிசாமி. நான் சொன்னதுதான் தப்பு."

நாலு மாதமாக நெஞ்சில் கிடந்ததை நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். லெட்சுமி தகரத்தின் ஓரத்தைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

செப்டம்பர் 7, புதன்

இன்று வாசித்து முடித்ததும் துரையிடம் வாசகத்தைக் காட்டி அனுமதி கேட்டேன். அதிகாரிகளிடமிருந்து தாள் வந்தால் மட்டுமே வாசிக்கலாம், அதுவும் தாளில் உள்ளதை மட்டும் என்றார். "உங்கள் குரலை நம்பி ஒரு கூட்டம் மிதிபட்டுச் செத்தால் யார் பொறுப்பு?" என்றும் கேட்டார். நியாயமான கேள்விதான். என் குரலை நம்பி ஒருவர் ஏற்கெனவே செத்திருக்கிறார் என்று சொன்னேன். அவர் முகம் மாறிற்று. சட்டம் மாறவில்லை.

அக்டோபர் 30, ஞாயிறு

தீபாவளி ஆயிற்று. மழை தொடங்கிவிட்டது.

நவம்பர் 23, புதன்

மாலை ஆறு பத்துக்குச் சங்கத்து டெலிபோன் அடித்தது. இராமலிங்கம். "மூண்டாவது மறைஞ்சிட்டுது, அத்தான். தூணே தெரியேல்லை."

ஓடிப் போய்த் துரையிடம் சொன்னேன். அவரும் உடனே டெலிபோன் எடுத்து இரண்டு மூன்று இடத்தில் கேட்டார். யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. மத்தியானம் வந்த தாள் ஒன்று மேசையில் இருந்தது. தற்போது அச்சப்படக் காரணமில்லை என்று அதில் எழுதியிருந்தது. "இதை வாசியுங்கள், மிஸ்டர் கனகலிங்கம். புதுத் தாள் வந்தால் மாற்றிக்கொள்ளலாம்," என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை.

ஆறரை. மைக்கின் முன் உட்கார்ந்தேன். அச்சப்படக் காரணமில்லை. கையில் அந்தத் தாள். வாசித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். யார் கேட்கப் போகிறார்கள்? ஏப்ரலிலும் யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லையே.

தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

"கீழ் லயத்துக்குச் சொல்றேன். குடத்தை விடு. புள்ளையத் தூக்கு. பள்ளிக்கூட மேட்டுக்கு ஏறு. இப்பவே ஏறு."

மூன்று தரம் சொன்னேன். யாழ்ப்பாணத்து வாய்க்குப் "புள்ளைய" என்பது வராமல் வந்தது. கண்ணாடிக்கு அப்பால் துரை எழுந்து நிற்பது தெரிந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இது தாளில் உள்ளதல்ல என்று என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். விசையை நிறுத்த ஒரு எட்டுத்தான். நான் நாலாம் தரமும் சொல்லி முடிக்கும் வரை அவர் அந்த எட்டை வைக்கவில்லை. அதை நான் மறக்கக் கூடாது.

ரிக்‌ஷாக்காரன் பிரிக்பீல்ட்ஸ் முனை வரைதான் வந்தான். தகரச் சத்தம் அங்கேயே கேட்டது. பள்ளிக்கூட மேட்டில் அரிக்கேன் விளக்குகள். லெட்சுமி ஒரு பெஞ்சில் ஏறி நின்று வீடு வீடாகப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் என்பது அவளுக்கு மனப்பாடம். கூப்பிட்ட பெயருக்கு ஆள் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த பெயருக்குப் போவதில்லை.

பத்தொன்பதாம் வீட்டில் நின்றுவிட்டது. சீதாலெட்சுமி, காது கேளாத கிழவி. பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். பக்கிரிசாமி தகரத்தைக் கீழே வைத்துவிட்டு இறங்கினான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. கால் மணியில் கிழவியை முதுகில் சுமந்துகொண்டு வந்தான். அவன் இடுப்பு வரை நனைந்திருந்தது. கிழவி அவனைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

"சீதாலெட்சுமி," என்றாள் லெட்சுமி, அருகில் போய் அவள் காதில்.

"இருக்கேன்டி, கத்தாத," என்றாள் கிழவி.

அதற்கப்புறம்தான் இருபதாம் வீடு.

நவம்பர் 24, வியாழன்

கீழ் லயத்தில் கூரை மட்டும் தெரிகிறது. நாற்பத்து மூன்று வீடு. நூற்றுத் தொண்ணூற்றேழு பேர். ஒருவரையும் ஆறு கொண்டுபோகவில்லை.

இதை எழுதும்போது அழுகிறேன். அழுதால் என்ன? யார் பார்க்கிறார்கள்?

நவம்பர் 30, புதன்

துரை என்னைக் கூப்பிட்டுச் சங்கத்துக்கு வந்த கடிதங்களைக் காட்டினார். நான்கு. எல்லாம் தமிழன்பர்கள். பொதுசனத்தை "ஏறு, தூக்கு" என்று ஏக வசனத்தில் விளித்த வாசிப்பாளரை நீக்க வேண்டுமாம். ஒருவர் கிள்ளான் நேயர். என் நாவில் நடனமாடிய தமிழ் இப்போது சேற்றில் விழுந்துவிட்டதாக எழுதியிருக்கிறார். விழுந்தது உண்மைதான். சேற்றில் நின்றவர்களிடம் போக வேண்டியிருந்தது.

கடிதங்களுக்காக இல்லை, தாளை மீறியதற்காக என்னை வாசிப்பிலிருந்து விலக்குவதாகத் துரை சொன்னார். கமிட்டி முடிவு. பிறகு கதவைச் சாத்திவிட்டு, அன்று நான் சொன்னது என்ன என்று வார்த்தை வார்த்தையாக ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார். "ஏன் முதலில் குடம்?" என்று கேட்டார். அய்யாவுவைப் பற்றிச் சொன்னேன். பேனாவை மூடி, எழுதிய தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

டிசம்பர் 4, ஞாயிறு

ஆறரைக்குச் சட்டை போட்டுக்கொண்டேன். பிறகு கழற்றினேன்.

டிசம்பர் 11, ஞாயிறு

"குரல் போனா என்ன, ஆள் இருக்கிறியளே," என்றாள் சிவமலர். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கீழ் லயத்தில் சேற்றை அள்ளி வீடுகளை மறுபடி நிமிர்த்துகிறார்கள். லெட்சுமி விடியற்காலையில் எங்கள் பக்கம் பெருக்கிவிட்டு அங்கே போய் மண் சுமக்கிறாள். ஞாயிறுகளில் நானும் போகிறேன். கிராணி மண்வெட்டி பிடிக்கும் அழகைப் பார்க்க ஒரு கூட்டமே நிற்கிறது.

1933 பிப்ரவரி 19, ஞாயிறு

சங்கத்தில் புது வாசிப்பாளர் வந்துவிட்டார். பாலன் கடையில் நின்று கேட்டேன். நல்ல குரல், என்னைவிட இளசு. கொஞ்சம் பொறாமைப்பட்டேன் என்பதை எழுதிவிடுகிறேன்.

துரை ஆள் அனுப்பி என்னை வரவழைத்திருந்தார். வாசிப்பறைச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு தாள். தமிழில் அந்த வாசகம், கீழே ஆங்கிலத்திலும் மலாயிலும். கமிட்டியோடு இரண்டு மாதம் சண்டை போட்டு வாங்கினாராம். இனி இராமலிங்கம் டெலிபோன் செய்தால் வேறு தாளுக்குக் காத்திருக்க வேண்டாம். எந்த நாள், எந்த நேரம் ஆனாலும் அறையில் இருப்பவர் விசையைத் திறந்து அதை வாசிக்கலாம். ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது.

"எழுத்துப் பிழை இருக்கிறதா, பாருங்கள்," என்றார்.

"புள்ளைய" என்றே இருந்தது. "பிழை இல்லை, சார்," என்றேன்.

அந்த மனிதருக்குக் கை கொடுத்தபோது மனதாரக் கொடுத்தேன். என்னை நீக்கியவர்தான். இருக்கட்டுமே.

1933 மே 6, சனி

பஞ்சாங்கப்படி இன்றைக்கு அய்யாவுவின் வருஷத் திதி. லெட்சுமி வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள். சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். முடித்துவிட்டுச் சிவமலரைக் கூட்டிக்கொண்டு கீழ் லயத்துக்குப் போனேன். படையல் போட்டு, காக்கைக்கு வைத்து, பந்தி தொடங்கும்போது மணி இரண்டு. லயமே உட்கார்ந்திருந்தது. மழை சிணுங்கிக்கொண்டிருந்தது. மழை பெய்தால் பாலன் வயர்லெஸ் பெட்டியைத் திறந்து வைப்பது இப்போது வழக்கம்.

சாம்பார் வரும் நேரத்தில் குழல் கரகரத்தது. பிறகு அந்தப் புதுப் பையனின் குரல். கனத்த, அவசரப்படாத குரல். "கீழ் லயத்துக்குச் சொல்றேன்."

பந்தியில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லாரும் எழுந்தார்கள். இலையில் உட்கார்ந்தவர் பாதியில் எழுவது, அதுவும் திதிச் சோற்றில், எங்கள் சனத்தில் ஆகாத காரியம். எச்சில் கையோடு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு நடந்தார்கள். பக்கிரிசாமியின் தகரம் பின்னால் வந்தது. சிவமலர் யாருடைய பிள்ளையையோ இடுப்பில் வைத்திருந்தாள். சேலை எல்லாம் சோறு.

மேட்டில் லெட்சுமி பெஞ்சில் ஏறினாள். முதல் வீட்டிலிருந்து கூப்பிட்டாள். "இருக்கேன்," "இருக்கேன்." வீடுகள் ஒவ்வொன்றாக முடிந்தன. தன் வீட்டை எப்போதும் கடைசியில்தான் கூப்பிடுவாள்.

"அய்யாவு வூடு," என்றாள். "வள்ளியம்மா."

"இருக்கேன்."

"சிவமலர்."

சிவமலர் திகைத்தாள். பிறகு, "இருக்கிறன்," என்றாள்.

"கனகலிங்கம்."

லெட்சுமி என்னைப் பார்க்கவில்லை. வழக்கம்போல் பதிலுக்காகக் காத்திருந்தாள். பதில் வராமல் முடிக்க மாட்டாள் என்று எல்லாருக்கும் தெரியும். நாற்பத்து மூன்று வீடும் மழையில் நின்று என் வாயைப் பார்த்தது.

"இருக்கேன்," என்றேன்.

ஆறு அன்றைக்குக் கரை மீறவில்லை. நாலு மணிக்கு இறங்கினோம். சோறு ஆறிப் போயிருந்தது. எல்லாரும் அவரவர் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.